யாருக்கு யார் மார்க் போடுவது?

எம்.பி.பி.எஸ். பரீட்சைகளை எல்லாம் பாஸ் பண்ணிய பிறகும் ஒருவர் டாக்டராகிவிட முடியாது. ஒரு வருசம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். அரசாங்கக் காகிதத்தில் இவர்களுக்குப் பயிற்சி மருத்துவர் என்று பெயர். வார்டில் ஹவுஸ் சர்ஜன். நோயாளிகளுக்குச் சின்ன டாக்டர். இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், போஸ்டிங் முடிகிற அன்றைக்குப் பதிவேட்டில் மார்க் போட்டுக் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். சேரியில் பிறந்தவன். எங்கள் வார்டில் வாயிலும் மார்பிலும் புற்று வந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். பக்கத்துப் பெண்கள் வார்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காரர்கள்.

நான் இங்கே கேட்கப்போவது ஒரே கேள்வி. ஒருவருடைய உடம்பை வைத்து இன்னொருவர் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொண்டது சரியா என்று மூன்றாவது ஆள் மார்க் போடுகிறார். உடம்பைக் கொடுத்தவருக்கு இதில் என்ன இடம்?

முதலில், அது யாருடைய உடம்பு? கையில் காசு இருக்கிறவர் பையனை வைத்துப் பழகவிட மாட்டார், பெரிய டாக்டரைத் தேடிப் போவார். அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தே தீர வேண்டியவர்கள்தான் பாடமாகிறார்கள். வார்டில் சேர்க்கும்போது நாங்கள் யாரிடமும் சாதி கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நிலம் யாரிடம், கூலி யாருக்கு, ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடு எது என்பதையெல்லாம் சாதி முன்கூட்டியே தீர்மானித்துத்தான் இங்கே அனுப்பிவைக்கிறது.

வார்டில் புழங்குகிற ஒரு சொல்லைப் பாருங்கள். 'நல்ல கேஸ்.' கட்டி பெரிதாக, கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிற மாதிரி, நெறி கட்டி, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சுருங்கியிருந்தால் அது நல்ல கேஸ். புத்தகத்தில் போட்டிருக்கிற அத்தனை அடையாளமும் ஒரே மார்பில் இருக்கிறது. பையன்களைக் கூப்பிடுவார்கள். ஆறு பேர் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பரீட்சை சமயமாக இருந்தால் 'இந்த அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ணாதீங்க' என்று சிஸ்டரிடம் சொல்லிவைப்பதும் உண்டு.

கட்டி ஏன் அவ்வளவு பெரிதானது? முதலில் சுண்டைக்காய் அளவு இருந்தபோது நாற்று நடவு. அப்புறம் மகள் பிரசவம். அப்புறம் பஸ்ஸுக்குக் காசில்லை. அப்புறம் நாட்டு மருந்து. தாமதமாக வந்ததால்தான் அவள் நல்ல கேஸ். இந்தத் தாமதம் விதி அல்ல. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் இருக்கிற அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவி, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, அப்படிச் சோதிக்கப்பட்ட ஊர்களில் புதிதாக அந்தப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஆக, எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்கிற ஒவ்வொரு 'நல்ல கேஸு'க்குப் பின்னாலும் யாரோ செய்யாமல் விட்ட ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சமூகம் செய்த புறக்கணிப்பை வைத்துத்தான் நாங்கள் பாடம் நடத்துகிறோம். இதை ஹவுஸ் சர்ஜன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் வற்புறுத்துவதில்லை. கட்டியின் அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பேன். கூடவே, இது எத்தனை மாதம், அந்த மாதங்களில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் கேட்பேன். முதல் கேள்விக்கு எல்லோருக்கும் பதில் தெரியும்.

இனி மார்க்குக்கு வருவோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் வருச விதிகளில் பயிற்சி மருத்துவரை மதிப்பிட ஐந்து தலைப்புகள் கொடுத்திருந்தார்கள். அறிவு, செயல்திறன், பொறுப்பு, கூட்டாக வேலை செய்யும் திறன், முனைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். எதிலாவது 3க்குக் கீழே வந்தால் பயிற்சி திருப்தியாக முடியவில்லை என்று பொருள். நாலாவது தலைப்புக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் உண்டு: சக டாக்டர்களிடம், செவிலியரிடம், மற்ற மருத்துவப் பணியாளர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும். நோயாளி அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை.

பிறகு விதிகள் மாறின. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பான்மை, நெறி, உரையாடல் என்று தனியாகவே ஒரு பகுதி சேர்த்தார்கள். 2021இல் பயிற்சிக்கும் புது விதிகள் வந்தன. நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற கை இன்னும் மேலே இருக்கிறவருடைய கைதான். அதனால் ஹவுஸ் சர்ஜனுடைய கண்ணும் மேலேயே இருக்கிறது. ரவுண்ட்ஸில் நான் பக்கத்தில் நிற்கும்போது 'வலிக்குதாம்மா, மெதுவா எந்திரிங்க' என்று ஒருவர் சொல்கிறார். நான் அடுத்த வார்டுக்குப் போனதும் 'ஏய், திரும்பிப் படு' என்கிறார். என் பேனாவுக்கு முதல் வாக்கியம்தான் கேட்கும்.

மருத்துவக் கல்வியைப் பற்றி எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 1990இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர் மதிப்பீட்டை நாலு படியாகப் பிரித்துக் காட்டினார். தெரியும் என்பது ஒரு படி. எப்படிச் செய்வது என்று தெரியும், அடுத்த படி. செய்து காட்டுவார், மூன்றாவது. நிஜ வேலையில் செய்கிறார், கடைசிப் படி. பரீட்சைகள் பெரும்பாலும் கீழே இருக்கிற மூன்று படிகளோடு நின்றுவிடுகின்றன. கடைசிப் படி எப்போது நடக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்கு, பேராசிரியர் வீட்டில் தூங்கும்போது, ஒரு நோயாளி வலியில் கூப்பிடும்போது. அப்போது ஹவுஸ் சர்ஜன் எழுந்து வந்தாரா, வந்தவர் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி யார்? படுத்திருக்கிற ஆள். அந்தச் சாட்சியை நாம் விசாரிப்பதே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆளை நோயாளி மாதிரி நடிக்கப் பழக்கி, மாணவர்களைச் சோதிக்க அனுப்பினார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார். வரிசையாகச் சில இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, சில நிமிசம், ஒரு மார்க் பட்டியல். இன்று உலகம் முழுக்க இந்த முறை இருக்கிறது. பல நாடுகளில், நோயாளியாக நடித்தவரே பட்டியலில் டிக் போட்டு மார்க் கொடுக்கிறார். 'என்னைப் பேசவிட்டார், கேட்டுவிட்டுத் தொட்டார்' என்று நடிக்கிறவர் சொன்னால் அது மார்க். நிஜமாகவே புற்றோடு படுத்திருக்கிற கூலிக்காரப் பெண் அதையே சொன்னால் அது வெறும் பேச்சு. நடிப்புக்கு இருக்கிற மரியாதை நோய்க்கு இல்லை.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2000ஆம் வருசம் வெளியிட்டார்கள். ஆறு படிகள். தனியான இடத்தில் உட்கார்ந்து பேசு. நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேள். பிறகு செய்தியைச் சொல். அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடு. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல். மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் வார்டில் தனியான இடம் என்றால் அது மாடிப்படி. செய்தி போவதோ பெரும்பாலும் மகனுக்கு, புருசனுக்கு, கூட வந்த ஊர்க்காரருக்கு. 'அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், தாங்காது.' அந்த அம்மாவுக்குக் 'கட்டி' என்று மட்டும் தெரியும். 'கரண்ட் வைக்கணும்' என்று அனுப்புவார்கள். இருபத்தஞ்சு நாள் போய்ப் படுத்துவிட்டு வருவாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளை வளர்த்தாள், களை பறித்தாள், குடிகாரனைச் சமாளித்தாள். எல்லாவற்றையும் தாங்கியவள் தன் நோயின் பெயரை மட்டும் தாங்கமாட்டாளாம்.

எப்படிப் பேசுகிறோம் என்பதிலும் சாதி இருக்கிறது. அறுபது வயது அம்மா இருபத்து மூணு வயசுப் பையனைச் 'சாமி' என்கிறார். பையன் அவரை 'வா, படு, வாயத் தொற' என்கிறான். பதிவேடு இங்கிலீஷில் இருக்கிறது. இங்கிலீஷில் எல்லோரும் 'யூ'தான். 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில் நம் தாத்தன் பாட்டி பட்ட அவமானம் அத்தனையும் கிடக்கிறது. அது இங்கிலீஷ் கட்டங்களில் விழாது.

புண்ணும் அப்படித்தான். வெடித்த மார்புப் புற்றின் நாற்றம் வார்டு முழுக்க வரும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி பண்ணிப் புண்ணில் தூவினால் நாற்றம் நன்றாகக் குறையும். விலை மலிவான மாத்திரை. பதிவேட்டில் 'டிரஸ்ஸிங் செய்தார்' என்று ஒரு வரி எழுதலாம். ஆனால் துணியை ஈரப்படுத்தி மெதுவாகப் பிரித்தெடுத்தது யார், புழுவை எடுத்தது யார், சீழைத் துடைத்தது யார் என்று அந்த வரி சொல்லாது. வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று 'ஆயா, நீங்க பிரிச்சு வைங்க' என்று சொன்னவருக்கும் அதே வரிதான். அந்த ஆயா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீட்டான வேலையைச் செய்கிற சாதி ஒன்று, அதற்குக் கையெழுத்து வாங்குகிற சாதி ஒன்று என்று ஊரில் இருப்பது வார்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

'அப்படியானால் மாணவர்களுக்குக் கருணையைச் சொல்லிக்கொடுங்கள்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் சந்தேகம் உண்டு. நம் ஊரில் இரக்கம் மேலிருந்து கீழேதான் ஒழுகும். பண்ணையாரும் இரக்கப்படுவார், பழைய சேலை கொடுப்பார். இரக்கம் காட்டுகிறவன் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது மரியாதை. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் ஜனநாயகத்தையே சக மனிதர் மேல் வைக்கும் மரியாதையாகத்தான் விளக்கினார். வார்டில் மரியாதை என்பது பெரிய தத்துவம் இல்லை. கேட்டுவிட்டுத் தொடுவது, உண்மையை உரியவரிடம் சொல்வது, வலி என்று சொன்னால் நம்புவது. மூன்றும் செயல். செயலைச் சோதித்துப் பார்க்கலாம். மனசுக்குள் கருணை இருந்ததா என்று யாரும் சோதிக்க முடியாது.

வலியை நம்புவது என்றேன். 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஓர் ஆய்வில், வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் பாதிப்பேர், கறுப்பர்களின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நம் வார்டில் இதற்கு ஒரு தமிழ் இருக்கிறது: 'ஒழைச்ச ஒடம்பு, தாங்கும்.' உலக சுகாதார நிறுவனம் புற்றுவலிக்கு மார்ஃபின் வரைக்கும் படிப்படியாக மருந்து கொடுக்கச் சொன்னது 1986இல். அதற்கு முந்தின வருசம்தான் இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்து, மார்ஃபினைப் பூட்டிவைத்தது. 2014இல் திருத்தம் செய்து பூட்டைத் தளர்த்தினார்கள். ஆனால் 'பழக்கமாயிடும்' என்ற பயத்துக்கு இன்னும் திருத்தம் வரவில்லை.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளி போடுகிற மார்க் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 'பத்துக்கு எவ்வளவு வலி?' என்று கேட்கிறோமே, அதுதான். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவிடம் கேட்டபோது, 'ரூவாய்க்கு முக்கா ரூவா வலிக்குது சாமி' என்றார். கணக்குப் பார்த்தால் ஏழரை. ஹவுஸ் சர்ஜன் ஏழு என்று எழுதினார். எழுதினாரே, அதுவரை சந்தோசம். அந்த ஏழு அடுத்த நாள் மூணாக இறங்கினால் அது அந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் எங்கள் யூனிட்டுக்கும் அந்த அம்மா போட்ட மார்க். ஏழாகவே நின்றால் அதுவும் மார்க்தான். நான் போடுகிற 0 முதல் 5 வரைக்கும் இல்லாத உண்மை இதில் இருக்கிறது.

இதை விரிவாக்க வேண்டும், நோயாளியும் மார்க் போட வேண்டும் என்று சொன்னால் உடனே ஆட்சேபம் வரும். 'அவங்களுக்கு மருத்துவம் தெரியாதே.' மருத்துவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தன்னைக் கேட்டுவிட்டுத் தொட்டார்களா என்பதைச் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. பயத்தில் எல்லோருக்கும் முழு மார்க் போட்டுவிடுவார்கள். 'நல்லா பாக்குறாங்க சார், தெய்வம் மாதிரி' என்பார்கள். பெட்டும் மருந்தும் எங்கள் கையில் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள்?

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு வலிக்கிறது. எங்கள் பிள்ளைகளும் இன்று ஹவுஸ் சர்ஜன்களாக வருகிறார்கள். இடஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களின் பலன் அது. ஆதிக்க சாதி நோயாளி ஒருவர் எங்கள் மாணவியிடம் ஊரைக் கேட்கிறார், தெருவைக் கேட்கிறார், அப்பா பெயரைக் கேட்கிறார். பிறகு 'வேற டாக்டரம்மா இல்லியா' என்கிறார். அவர் கையில் மார்க்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? மேலே இருக்கிறவர்களின் மார்க்கே எங்கள் பிள்ளைகளுக்கு நியாயமாக இல்லை. 2006இல் அமைத்த தோரட் குழு, டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் பாகுபாடு இருப்பதாகச் சொன்னதை 2007இல் அறிக்கையாகவே கொடுத்தது. மேலேயும் சாதி, கீழேயும் சாதி என்றால் நடுவில் நிற்கிற பிள்ளை எங்கே போவாள்?

அதனால்தான் 'டாக்டர் நல்லவரா?' என்று கேட்கக் கூடாது என்கிறேன். பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்குள் பயமும் புகும், சாதியும் புகும். நடந்தது என்ன என்று கேட்க வேண்டும். தன் பெயரைச் சொன்னாரா? தொடுவதற்கு முன் கேட்டாரா? உங்களுக்கு என்ன நோய் என்று சொன்னார், அதை நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். நேற்று வலி எவ்வளவு, இன்று எவ்வளவு? 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா? இந்த ஐந்தையும் யூனிட்டைச் சேராத ஒருவர், கோட்டுப் போடாத ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நோயாளியிடம் மட்டும் கேட்காமல் பத்துப் பேரிடம் கேட்க வேண்டும். ஒருவர் வன்மத்தில் பொய் சொன்னால் ஒன்பது பேர் சொல்வது காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது கேள்விக்குப் பதில் 'தெரியாது' என்றால் மார்க் குறைய வேண்டியது ஹவுஸ் சர்ஜனுக்கு மட்டும் இல்லை. சொல்லிக்கொடுத்த எனக்கும்தான்.

தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. தன் உடம்பை யாரும் தொடக் கூடாது என்று சொல்ல எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு, ஆதிக்க சாதிக்காரருக்கும் உண்டு. 'நீ தொடக் கூடாது, அவன் தொடலாம்' என்று சாதி பார்த்துச் சொல்வது வேறு. அது தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. முதலாவதை யூனிட் மதிக்க வேண்டும். இரண்டாவதுக்காக எங்கள் மாணவியை மாற்றி வேறு ஆளை அனுப்பக் கூடாது. இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதற்கும் ஒரு மார்க் வைத்தால் பல பேராசிரியர்கள் தேற மாட்டார்கள்.

இந்தக் கேள்விகளை நான் நோயாளிகளிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கிறேன். முதல் நாலுக்கும் ஏதோ பதில் வரும். ஐந்தாவதைப் பெண்கள் வார்டில் ஒருவரிடம் கேட்டபோது அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: 'அப்படியெல்லாம் சொல்லலாமா சார்?' சொல்லலாம் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதைப் படிக்கிற தோழர்களில் பலர் சேரியிலிருந்து நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள். பெட் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். விதி மாறுவதற்கு வருசம் ஆகும், விதி மாறக் காத்திருக்கவும் வேண்டாம். அந்தக் கோட்டுப் போடாத ஆளாக நீங்களே உட்காருங்கள். ஐந்து கேள்வியையும் கேளுங்கள். 'வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்மா, மருந்தை நிறுத்த மாட்டாங்க, நிறுத்தினா நாங்க இருக்கோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். மருத்துவ மாணவர்களாக இருக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் பதிவேட்டில் என் கையெழுத்து இல்லாமல் நீங்கள் டாக்டராக முடியாது என்பது உண்மை. அந்த அம்மா சம்மதிக்காவிட்டால் பதிவேட்டில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது என்பதும் உண்மை. ரெண்டாவதை நினைவில் வைத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் வார்டுக்கு வாருங்கள்.